குஸ்தாவோ குத்தியேரெஸின் எழுத்தில் ‘ஏழை’: 1971, 1988 பதிப்புகளை முன்வைத்து

பெரு நாட்டுக் கத்தோலிக்க இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரெஸ் (1928–2024) எழுதிய ‘விடுதலை இறையியல்’ 1971இல் லிமா நகரில் வெளிவந்தது. 1988இல் வெளியான திருத்திய பதிப்பில் ஒரு மாற்றம் உடனே கண்ணில் படும். கிறித்தவச் சகோதரத்துவத்தையும் வர்க்கப் போராட்டத்தையும் இணைத்துப் பேசிய பகுதி நீக்கப்பெற்று, விசுவாசமும் சமூக முரண்பாடும் பற்றிய புதிய பகுதி அவ்விடத்தில் அமைந்தது. இடைப்பட்ட காலத்தில், கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1983இல் குத்தியேரெஸின் எழுத்துகள்மீது வினாக்களை எழுப்பியது. 1984இல் விடுதலை இறையியலின் சில போக்குகளைக் கண்டித்து அறிவுறுத்தல் வெளியிட்டது. எனவே இத்திருத்தத்தை உரோமைக்குப் பணிந்த பின்வாங்கலாகக் காண்பது எளிது. ஆனால் அவ்விளக்கம் பாதி உண்மையையே தருகிறது.

இளமையில் எலும்பழற்சி நோயால் ஆண்டுக்கணக்கில் நடக்க இயலாதிருந்தவர் குத்தியேரெஸ். லிமாவில் மருத்துவமும், பின்னர் லூவேன், லியோன் நகரங்களில் மெய்யியல், உளவியல், இறையியலும் பயின்று 1959இல் குருவானார். 1968 ஜூலையில் சிம்போத்தே என்னும் மீன்பிடித் துறைமுக நகரில் ஆற்றிய உரையில், அக்காலத்தில் பெருவழக்காயிருந்த ‘வளர்ச்சி’ என்னும் கருத்தாக்கத்தின் போதாமையைச் சுட்டி ‘விடுதலை’ என்பதை முன்வைத்தார். ஏழையின் பக்கம் நிற்கும் ஈடுபாடே முதற்செயல், இறையியல் அதனைத் தொடரும் இரண்டாம் செயல் என்பது அவரது அடிப்படை முறையியல். இம்முறையியலை ஏற்றால், களம் மாறும்போது இறையியலும் மாறியாக வேண்டும்.

1971ஆம் ஆண்டு நூலின் இறுதி இயல் வறுமையை மூவகையாகப் பகுக்கிறது: பொருள் இன்மை, இறைவன்பால் உள்ளத் திறப்பு, வறியோரோடு உடனின்று எதிர்ப்புத் தெரிவிக்கும் தன்விருப்ப வறுமை. இப்பகுப்பு நுட்பமானது. எனினும், சார்புக் கோட்பாட்டின் மொழியில் பேசும் அந்நூலில் ஏழைக்குப் பெரிதும் வர்க்க அடையாளமே உண்டு. தாய்மொழி இல்லை, பாலினம் இல்லை. இத்தனைக்கும் நூல் காணிக்கையாக்கப்பட்ட இருவருள் ஒருவர், கெச்சுவா மக்களின் உலகை ஸ்பானிய நாவலுக்குள் கொணர்ந்த ஹோசே மரியா ஆர்கெடாஸ். மற்றவர் 1969இல் கொல்லப்பட்ட பிரேசிலியக் கறுப்பினக் குரு என்ரிகே பெரைரா நேத்தோ. காணிக்கைப் பக்கம் அறிந்ததை நூலின் வாதம் அப்போது எட்டவில்லை.

எட்டச் செய்தது அயாகுச்சோ. 1980இல் அங்குத் தொடங்கிய உள்நாட்டுப் போரில் ஒளிரும் பாதை இயக்கத்துக்கும் அரசுப் படைகளுக்கும் இடையில் சிக்கி மடிந்தோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 69,000 பேர் என உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. அவர்களுள் நால்வரில் மூவர் கெச்சுவா முதலிய முதுகுடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1986இல், யோபு நூலுக்கான தம் விளக்கத்தைக் குத்தியேரெஸ் வெளியிட்டார். தன் துன்பம் தனக்கு மட்டும் உரியதன்று, வறியோர் அனைவருக்கும் உரியது என யோபு உணரும் இடத்தையே அவர் திருப்புமுனையாகக் கொள்கிறார். அயாகுச்சோவின் பிணக்குழிகள் இருக்கையில் கடவுளைப் பற்றி எவ்வாறு பேசுவது என்னும் வினாவோடு அந்நூல் நிறைவை நெருங்குகிறது. இதனை அரசியலிலிருந்து ஆன்மிகத்துக்குத் திரும்பியதாகப் படிப்பது பிழை. நூலின் தூண்டுதலே அரசியற் கொலைகள்தாம்.

1988ஆம் ஆண்டுப் பதிப்பின் புதிய முன்னுரை இனம், பண்பாடு, பெண்ணின் இரட்டைச் சுமை ஆகியவற்றை ஏழையின் இலக்கணத்துள் சேர்க்கிறது. இவ்விரிவு உரோமையின் வினாக்களுக்கு விடையாக வந்ததன்று. அக்களத்தின் நெருக்குதலால் வந்தது. ஆயினும் பெண்கள் பற்றிய பேச்சு முன்னுரையளவில் நின்று, நூலின் உடலுள் புகவில்லை. மேலும், திருத்திய பகுதி திருத்தந்தையரின் சமூகப் போதனைகளைத் துணைக்கழைத்துத் தற்காப்புத் தொனியில் பேசுகிறது. முந்தைய பகுதியின் கூர்மை அதில் மழுங்கியதை மறுக்க இயலாது.

அக்கூர்மை வேறோரிடத்தில் மீள்கிறது. பார்த்தொலோமே தே லாஸ் காசாஸ் பற்றி 1992இல் வெளியிட்ட பெருநூலில், முதுகுடிகளின் உழைப்பையும் திறையையும் ஸ்பானியக் குடியேறிகளுக்குப் பங்கிட்டளித்த ‘என்கொமியெண்டா’ முறையைக் குத்தியேரெஸ் விரிவாக ஆராய்கிறார். அங்கே ஒடுக்குவோர் யார், ஒடுக்கப்படுவோர் யார் என்பதில் மழுப்பல் இல்லை. குடியேறிகள் வழிபட்ட மெய்த்தெய்வம் பொன்னே என்னும் லாஸ் காசாஸின் குற்றச்சாட்டை அவர் சிலைவழிபாடு பற்றிய இறையியற் கோட்பாடாகவே வளர்த்தெடுக்கிறார்.