கழுதை, ரேஸ் சைக்கிள், காலியான ஊர்: செவென் மலையைப் பற்றிய சில புத்தகங்கள்

பயணக் கட்டுரைகளில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: ‘அமைதி’. நகரத்திலிருந்து கிளம்பிப் போன ஒருவர் மலைக்கிராமம் ஒன்றில் சைக்கிளை நிறுத்துவார். கல் வீடுகள், மூடிய மரக் கதவுகள், நடுவில் ஒரு நீரூற்று. ஆள் நடமாட்டம் இல்லை. உடனே எழுதிவிடுவார், இங்கே அமைதி குடியிருக்கிறது என்று. ஏன் ஆளே இல்லை என்று கேட்கமாட்டார். கேட்டால் அந்த வாக்கியத்தை எழுத முடியாதே.

தெற்கு பிரான்ஸின் செவென் மலைகளைப் பற்றி இந்த மாதிரிப் பக்கங்கள் ஏராளம். மௌண்டன் பைக் ஓட்டுபவர்களுக்கு அந்த மலை ஒரு பெரிய பெயர். மாசிஃப் சென்ட்ரல் மேட்டுநிலத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து மத்தியதரைக் கடலுக்கு இறங்கும் நெடும்பாதை ஒன்று இருக்கிறது. 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதுவும் இந்த மலைகளைத் தொட்டுத்தான் போகிறது. சுற்றுலாக் கையேடுகளும் வீடியோக்களும் அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஒரே பாட்டுதான்: காலம் உறைந்த கிராமங்கள், தீண்டப்படாத இயற்கை, திகட்டாத இறக்கங்கள்.

இதே மலையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1879இல் வெளியிட்ட கழுதைப் பயணம். இன்னொன்று டச்சு எழுத்தாளர் டிம் க்ராபே 1978இல் எழுதிய ‘தி ரைடர்’ என்கிற ரேஸ் நாவல். ஒன்றில் வேகம் கழுதையின் வேகம், மற்றதில் பந்தய சைக்கிளின் வேகம். எழுதுகிறவன் எவ்வளவு வேகத்தில் போகிறானோ அதைப் பொறுத்துத்தான் அவன் பக்கத்தில் ஒரு ஊர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது என் எண்ணம். மௌண்டன் பைக் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வாகனம். அதன் வேகத்துக்கு ஏற்ற புத்தகம் எப்படி இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஸ்டீவன்சன். 1878 செப்டம்பர் 22ஆம் தேதி லெ மொனாஸ்தியே என்ற ஊரிலிருந்து கிளம்பும்போது அவருக்கு 27 வயது. ‘புதையல் தீவு’ இன்னும் எழுதப்படவில்லை. காதலித்த பெண் ஃபேனி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்தார். 65 ஃப்ராங்குக்கும் ஒரு கிளாஸ் பிராந்திக்கும் மொடெஸ்டீன் என்ற கழுதையை வாங்கி, 12 நாளில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேன்-ழான்-து-கார் ஊரில் அதை 35 ஃப்ராங்குக்கு விற்றுவிட்டார். கதை அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கழுதை புத்தகத்துக்குள் செய்யும் வேலையைப் பாருங்கள். அது மெதுவாகப் போவதால் அவர் ஊரை அடைய இரவாகிவிடுகிறது. இரவானதால் கதவைத் தட்டியாக வேண்டும். தட்டினால் உள்ளே இருப்பவர் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஒரு குக்கிராமத்தில் வழிகாட்ட வரச் சொல்லிக் கெஞ்சுகிறார். வீட்டுக்காரர் இருட்டில் வாசலைத் தாண்ட மறுத்துவிடுகிறார். வேறொரு இடத்தில் வழி கேட்டால் சிறுமிகள் கேலி செய்கிறார்கள். எந்தக் கையேட்டிலும் இந்தக் காட்சிகள் வராது. ஸ்டீவன்சனுக்கு ஊர் என்றால் கதவு. திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. அழகாக இருக்கிறதா என்ற கேள்வி அதற்கப்புறம்தான்.

பொன்-த-மோன்வேர் என்ற ஊருக்கு வந்ததும் அவர் எழுத்தின் சூடு மாறிவிடுகிறது. 1702 ஜூலையில் ஷேலா என்கிற பாதிரியார் அங்கே கொல்லப்பட்டார். புராட்டஸ்டன்ட் மக்களைத் தன் வீட்டிலேயே அடைத்து வைத்திருந்தவர் அவர். 1685இல் மன்னர் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடை செய்ததிலிருந்து கனன்றுகொண்டிருந்த கோபம் அன்று வெடித்தது. கமிசார்கள் என்று அழைக்கப்பட்ட விவசாயிகளும் கம்பளி நெய்பவர்களும் அரசனின் படையோடு இரண்டு வருஷம் மோதினார்கள். 1703இல் படைகள் இந்த மலையில் நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களையும் குக்கிராமங்களையும் அழித்தன. ஸ்டீவன்சன் இதையெல்லாம் நேற்று நடந்தது போலச் சொல்கிறார். ஸ்காட்லாந்தின் புராட்டஸ்டன்ட் வீட்டில், இதே மாதிரியான கலகக்காரர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அதனாலேயே கத்தோலிக்க ஊர்களைப் பார்க்கும்போது கண்ணில் ஒரு சாய்வு வந்துவிடுகிறது. கழுதையை அவர் அடிப்பதைப் படிக்கவும் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. குத்தூசி வைத்து ஓட்டிவிட்டு அதையே நகைச்சுவையாக எழுதுகிறார், விற்றபின் அழுகிறார். இந்தக் குறைகளோடும் அவர் புத்தகம் நிற்கிறது என்றால், ஒவ்வொரு ஊரிலும் அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டதால்தான்.

ஸ்டீவன்சன் நடந்து சரியாக நூறு வருஷம் கழித்து வெளிவந்தது ‘தி ரைடர்’. க்ராபே ஒரு செஸ் ஆட்டக்காரரும்கூட. 1977 ஜூன் 26ஆம் தேதி நடக்கும் 137 கிலோமீட்டர் பந்தயம்தான் முழு நாவலும். அத்தியாயங்களுக்குப் பதில் கிலோமீட்டர்கள். ஊர்கள் வருகின்றன, பெயர்களாக வருகின்றன. ஒரு வளைவு, ஒரு பிரேக், அடுத்த ஊர். காபிக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக் கதைசொல்லி பரிதாபப்படுகிறான், பந்தயம் ஓட்டாத வாழ்க்கை எவ்வளவு வெறுமை என்று! திமிர்தான். ஆனால் அந்தத் திமிரில் ஒரு நேர்மை இருக்கிறது. ஊரைப் புரிந்துகொண்டேன் என்று அவன் ஒரு இடத்திலும் சொல்வதில்லை. அவனுக்கு முக்கியம் பல்சக்கரத்தில் எத்தனை பல், எதிரி எப்போது மூச்சு வாங்குகிறான், ஈர ரோட்டில் இறங்கும்போது வயிற்றைப் பிசையும் பயம்.

ரோலான் பார்த் 1957இல் ‘மிதாலஜீஸ்’ நூலில் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை ஒரு காப்பியமாக வாசித்தார். அந்த வாசிப்பில் வோந்து மலை பலி கேட்கும் தெய்வம் மாதிரி நிற்கும். க்ராபேயிடம் மலைக்கு அந்த மரியாதை கிடையாது. எய்குவால் மலை ஒரு ஏற்றம், ஒரு கணக்கு, அவ்வளவுதான். தெய்வத்தை இறக்கிவிட்டுக் கணக்கை வைத்ததுதான் அந்த நாவலின் சாதனை என்று நினைக்கிறேன்.

சரி, அதில் இழந்தது என்ன? அதற்கு ஒரு பெயர் போதும். க்ராபேயின் கதைசொல்லி எரிச்சலோடு பார்க்கும் இளம் எதிரியின் பெயர் ரெய்லான். கடைசியில் அவனிடம்தான் தோற்கிறான். 1972இல் கொன்கூர் விருது பெற்ற ழான் கரியேரின் ‘மாயுவின் வல்லூறு’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சுருக்கென்றிருக்கும். செவெனின் உயரமான, வறண்ட மூலையில் கிடந்து அழியும் குடும்பத்தின் பெயரும் ரெய்லான்தான். அந்த வீட்டு மகன் ஆபெல் தண்ணீர் தேடிப் பாறையைக் குடைந்துகொண்டே இருக்கிறான். மற்றவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள், அவன் குடைகிறான். ஒரே மலை, ஆறு வருஷ இடைவெளி, ஒரே குடும்பப் பெயர். ஒரு புத்தகத்தில் அந்தப் பெயர் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வரும் தொல்லை. மற்றதில் அது ஒரு ஊரே காலியாகும் சத்தம்.

இந்தப் புத்தகங்களை மனசில் வைத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த மௌண்டன் பைக்கில் நான்கு நாள் லொஸேர் மலையிலிருந்து தெற்கே ஓட்டியிருக்கிறேன். கையேடுகள் சொல்லாத விஷயம் ஒன்று அங்கே முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். மௌண்டன் பைக்கில் இறங்கும்போது கண் இயற்கைக் காட்சியைப் பார்ப்பதில்லை. பார்த்தால் விழுந்துவிடுவோம். முன்சக்கரத்துக்கு முன்னால் மூன்று, நான்கு மீட்டர் தரைதான் உலகம். வேர், உருளும் கல், ஈரமான பாறை, தண்ணீர் அரித்த பள்ளம். நாள் முழுக்கத் தரையையே படித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தரையை யாரோ போட்டிருக்கிறார்கள். செங்குத்தாக நட்ட கற்களால் தளமிட்ட பழைய கழுதைப் பாதைகள். மழைத்தண்ணீரைத் திருப்பிவிடக் குறுக்கே பதித்த கல்வரிகள். கோடையில் ஆட்டு மந்தைகள் மேட்டுக்கு ஏறிய அகலமான தடங்கள். இரண்டு பக்கமும் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள், படிப்படியாக மலைச்சரிவு முழுக்க. மழையில் கீழே வழிந்த மண்ணைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மறுபடியும் மேல்படிக்குக் கொண்டுபோய்க் கொட்டிய நிலம் இது. இந்த மலைகளின் ஊடாகப் படையும் பீரங்கியும் போக சாலைகளை வெட்டச் சொன்னவர் லாங்கெடோக் மாகாணத்தை ஆண்ட அரச அதிகாரி பாவில். இன்று நாம் சந்தோஷமாக உருளும் பாதைகளில் சில, கலகக்காரர்களை வேட்டையாடப் போட்டவை. ‘தீண்டப்படாத இயற்கை’ என்பதும் சும்மா. எய்குவால் சரிவின் காடு பெரும்பாலும் 1875இலிருந்து ழோர்ழ் ஃபாப்ர் என்ற வனத்துறை அதிகாரி நட்டு வளர்த்தது. மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஆட்டுக்காரர்களோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இப்போது ‘அமைதி’க்கு வருவோம். ஸ்டீவன்சன் நடந்த காலத்தில் லொஸேர் மாவட்டத்தில் சுமார் 1,40,000 பேர் இருந்தார்கள். இன்று ஏறக்குறைய 76,000. பிரான்ஸின் ஐரோப்பியப் பகுதியில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் அதுதான். பட்டுப்புழுவுக்கு நோய் வந்தது, அதை ஆராய 1865இல் பாஸ்டர் பக்கத்து அலெஸ் நகரத்துக்கு வந்தார். ஏழைகளின் ரொட்டி என்று சொல்லப்பட்ட செஸ்ட்நட் மரங்களுக்கும் நோய் வந்தது. திராட்சைக்கு வந்தது. இளைஞர்களை நிலக்கரிச் சுரங்கம் இழுத்தது, பிறகு முதல் உலகப் போர் இழுத்தது. சைக்கிளிலிருந்து இறங்கி நாம் ரசிக்கும் நிசப்தம் இவ்வளவையும் தாண்டி வந்த மிச்சம்.

லொஸேர் மலைக் குக்கிராமங்கள் சிலவற்றில் கல்லால் கட்டிய சின்ன மணிக்கூண்டுகள் இருக்கின்றன. அழகுக்கோ பூசைக்கோ மட்டும் கட்டியவை இல்லை. பனிப்புயல் வீசும்போது வழி தவறியவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேரட்டும் என்று மணிக்கணக்கில் அடிப்பதற்காகக் கட்டியவை. படம் எடுப்பதற்கு அருமையான பொருள்தான், நானும் எடுத்தேன். ஆனால் அந்த மணிக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே தொலைந்த ஒருவர், உள்ளே தூங்காமல் கயிறு இழுக்கும் ஒருவர். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க கிராமம்’ என்று எழுதும்போது இந்த இரண்டாவது ஆள் காணாமல் போய்விடுகிறார்.

என் குற்றச்சாட்டு இதுதான். இன்றைய சைக்கிள் பயண எழுத்து க்ராபேயிடமிருந்து வேகத்தை எடுத்துக்கொண்டது, அவருடைய நேர்மையை எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டீவன்சனிடமிருந்து நட்சத்திரத்துக்கு அடியில் தூங்கும் சுகத்தை எடுத்துக்கொண்டது, கதவைத் தட்டும் பழக்கத்தை விட்டுவிட்டது. சுகமாக ஓட்டுவதில் தப்பே இல்லை. இளைஞர்கள் போன ஊர்களில் ஒரு பேக்கரி இன்னும் திறந்திருக்கிறது என்றால் சைக்கிள்காரர்கள் வாங்கும் ரொட்டியும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சுகத்தை எழுதும்போது அதற்கு அடியில் இருப்பவர்களை அழிக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

அந்த மூன்றாவது புத்தகத்துக்கு மௌண்டன் பைக் பொருத்தமான வாகனம் என்று நம்புகிறேன். ஸ்டீவன்சனின் கழுதை ஊரின் கதவுவரை கூட்டிப் போனது. க்ராபேயின் சைக்கிள் உடம்புக்குள் கூட்டிப் போனது. இந்தத் தடித்த டயர் நம்மைத் தரையோடு கட்டிப்போடுகிறது, யாரோ அடுக்கிய ஒவ்வொரு கல்லும் கைப்பிடி வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. அதை வாக்கியமாக்க ஒருவர் வர வேண்டும். அதுவரை ‘தி ரைடர்’ படியுங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிறகு ஸ்டீவன்சனைப் படியுங்கள், நாளுக்கு ஒரு ஊராக. கடைசியில் கரியேர். அந்த வரிசையில் படித்தால் ரெய்லான் என்ற பெயர் இரண்டாம் முறை வரும்போது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கத் தோன்றும்.