கல்யாணத்துக்கு எந்த மேளம்?

காவிரிப் படுகையில் முகூர்த்த நாள் குறித்த கையோடு எழும் கேள்வி, மேளத்துக்கு யார் என்பது. ஒரு தலைமுறைக்கு முன் விடையாக வித்வானின் பெயர் வரும். இன்று நாகஸ்வரம், செண்டை, இன்னிசைக் குழு, டிஜே என்று பட்டியல் வருகிறது. ரசனை அவரவர் பாடு என்று ஒதுங்கிவிடலாம்தான். ஆனால் கல்யாண இசையை நிறுக்கத் தனி அளவுகோல் ஒன்று உண்டு: சடங்கு தரும் நேரத்துக்குள் அந்த இசையால் தன் வடிவத்தைக் காட்ட முடிகிறதா?

இதில் முதலில் இடறுவது செண்டை. கேரளத்து வாத்தியம் நமக்கெதற்கு என்ற ஆட்சேபத்தில் வலுவில்லை. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினைக் கைக்கொண்ட மண் இது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. செண்டையில் வாசிக்கும் பஞ்சாரி மேளம் 96 அட்சரச் சுற்றில் தொடங்கி 48, 24, 12, 6 என்று இறுகி, ஐந்து காலங்களாக மணிக்கணக்கில் ஏறுவது. அந்த நிதானம் இல்லாமல் உச்சத்துக்குப் பொருளே இல்லை. மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கி மண்டப வாசல் ஏறுகிற நேரத்தில் கேட்பது கடைசிக் காலத்தின் வேகம் மட்டுமே. வீடியோவில் நன்றாக விழும். வாசிப்பவர்களின் கைத்திறனும் குறைந்ததல்ல. கட்டுமானம்தான் மண்டபத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்தின் வலிமை நேர்மாறானது. சடங்கு நீண்டால் நீள்கிறது, குறுகினால் குறுகுகிறது. தவில்காரரைக் கவனித்தால் தெரியும்: வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி, கண் மட்டும் சாஸ்திரிகளின் கைமேல். விரல் உயர்ந்த கணத்தில் வாசித்துக்கொண்டிருந்த கீர்த்தனையை அப்படியே அறுத்துவிட்டுக் கெட்டிமேளம் எழும். தும்மலோ அமங்கலச் சொல்லோ காதில் விழாமல் தாலி ஏறவேண்டும் என்பது அதன் வேலை. அது முடிந்ததும் குறிஞ்சியில் ‘சீதா கல்யாண வைபோகமே’ வந்து கூட்டத்தை இளக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை வேறெந்தக் குழுவும் இவ்வளவு சிக்கனமாகச் செய்வதில்லை.

ஆனால் மரபின் பெயரால் இன்றைய வாசிப்புக்கு முழு மதிப்பெண் போட முடியாது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை உயர்ந்த சுருதித் திமிரியைவிட்டுப் பாரி நாகஸ்வரத்துக்கு வந்தது, தாழ்ந்த சுருதியில் ராகத்தை விரித்து வாசிக்க. அதை அவருக்காகச் செம்மைப்படுத்தியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அவ்வூர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அப்படிப்பட்ட கருவியில் இன்று ஆலாபனை மூன்று நிமிடம்கூடத் தாண்டுவதில்லை. சினிமாப் பாட்டுக்குச் சீட்டு வருகிறது, சலிக்காமல் வாசிக்கிறார்கள். சினிமாப் பாட்டு குற்றமில்லை. காருகுறிச்சி அருணாசலம் ‘கொஞ்சும் சலங்கை’க்கு வாசித்த ஆபேரியை யார் குறை சொல்வார்? குற்றம், ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல்லவியை மட்டும் ஊதி நகர்வதில். திறந்த வெளிக்குப் பிறந்த வாத்தியத்துக்கு மூடிய மண்டபத்தில் மைக் வைப்பது அடுத்த பிழை. சீவாளியின் கரகரப்பு மட்டும் பெருகுகிறது, கார்வை தேய்கிறது. இதில் வித்வான்களைவிடப் பெரிய பங்கு வீட்டாருக்கு. பணத்தைக் கொடுத்துவிட்டு நேரத்தைக் கொடுப்பதில்லை.

இன்னிசைக் குழுவை முகூர்த்தத்தோடு ஒப்பிடுவது அநியாயம். அதன் இடம் மாலை வரவேற்பு. நல்ல குழு மூன்று மணி நேரத்தை நேர்த்தியாக நிரப்பும். ஆனால் பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற அத்தையிடம் நலம் விசாரிக்க முடியாத சத்தத்தில் பாடினால், வரவேற்பு என்ற நோக்கமே அடிபடுகிறது. டிஜேயைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வாடகைக்கு வருவது பெட்டிகளும் வெளிச்சமும்.

என் முடிவு இது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி கொண்ட ஒரு நல்ல செட். செண்டைக்கும் டிஜேக்கும் ஒதுக்கிய தொகையும் அதற்கே. மாப்பிள்ளை அழைப்பில் மைக் இல்லாமல் ஒரு மணி நேரம், தோடியோ கல்யாணியோ, வித்வான் இஷ்டத்துக்கு. சீட்டு அனுப்பக் கூடாது என்பதைத் தாம்பூலம் வைத்துப் பேசும்போதே இரு வீட்டாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரவேற்புக்கு இன்னிசைக் குழு இருக்கட்டும், சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் ஒலிபெருக்கி வேண்டாம்.