முப்பது உயிரும் ஒரு மாதிரிக் கட்டுரையும்

படிவம் ஐந்து மாணவர்களின் பயிற்சிக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் ‘கணினி விளையாட்டு’ என்று தலைப்புக் கொடுத்தால் தீமைகள் மட்டும்தான் வரும். கண் கெடும், நேரம் வீணாகும், பெற்றோர் பேச்சைக் கேட்க மாட்டார்கள். இப்போது ‘அப்பா காலத்து விடியோ கேம் கடை’ என்று கொடுத்துப் பாருங்கள், எல்லாம் பொற்காலம்! மூவினப் பிள்ளைகளும் தோளோடு தோள் உட்கார்ந்தார்களாம். இன்றைய பிள்ளைகள்தான் கைப்பேசியோடு தனியாகக் கிடக்கிறார்களாம். ரெண்டும் ஒரே கட்டுரைதான். சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

என் குறை என்னவென்றால், இந்தக் கட்டுரைகளில் கடையே இல்லை.

எங்க ஊர் பெக்கான் நானாஸ். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் சாலையில், பெயரிலேயே அன்னாசியை வைத்திருக்கும் ஊர். நான் போன கடையில் நாலு பழைய தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு மேசை விசிறி, சுவரில் ஒரு கடிகாரம். தவுக்கே அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் காசு வாங்குவார். தொலைக்காட்சிக்குக் கீழே இருந்தது மைக்ரோ ஜீனியஸ். நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் அது. நகல் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. விளையாட்டுக் கேசட்டின் மேல் நூற்றுக்கணக்கில் விளையாட்டு இருப்பதாகப் போட்டிருக்கும். உள்ளே போனால் இருபதோ முப்பதோதான், மீதியெல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். (சில மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

எல்லாருக்கும் பிடித்தது கொன்ட்ரா. மூன்று உயிர்தான் தருவான், ஐந்து நிமிடத்தில் செத்துப்போவோம். ஒருநாள் ஓர் அண்ணன் வந்து, “தம்பி, மேல மேல, கீழ கீழ, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. அமுக்கிப் பாரு” என்றார். முப்பது உயிர்! அந்த அண்ணனே கண்டுபிடித்தார் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோதோ, 1986-இல் கிரேடியஸ் விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. ஜப்பானில் ஒருவர் தன் வேலைச் சுமைக்காகச் செய்தது, இணையம் இல்லாத காலத்தில், வாய்வழியாகவே எங்கள் ஊர்க் கடைவரை வந்திருக்கிறது. கட்டுரைக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? ஆனால் ஒருவரும் எழுதுவதில்லை. ‘இனிமையான நினைவுகள்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

இனிமை மட்டுமா இருந்தது? என் பக்கத்து நாற்காலிக்காரன் படிவம் மூன்றில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். பையோடு வீட்டை விட்டுக் கிளம்புவான், கடையில் உட்காருவான். கட்டொழுங்கு ஆசிரியர் தேடி வந்தால் பின்கதவு. கடைதான் அவனைக் கெடுத்தது என்று ஊர் பேசியது. வகுப்பில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். கடையில் எல்லாரும் அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தீமைக் கட்டுரையில் அவன் ஓர் எச்சரிக்கை. பொற்காலக் கட்டுரையில் அவனுக்கு இடமே கிடையாது. 2000-இன் பிற்பகுதியில் நாடு முழுவதும் விடியோ கேம் மையங்களை மூட அரசாங்கம் முடிவெடுத்தபோது பெற்றோர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு சைபர் கஃபே வந்தது, பிள்ளைகள் கவுன்டர் ஸ்ட்ரைக்குக்குப் போனார்கள். அவன் எதற்கும் திரும்பி வரவில்லை.

பழைய விளையாட்டை ஏக்கம் இல்லாமலும் கையாளலாம் என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. 2019-இல் அஸ்வின் சரவணன் இயக்கத்தில் வந்த ‘கேம் ஓவர்’. டாப்ஸி நடித்த சுவப்னா விளையாட்டு வடிவமைப்பாளர். 1980-இல் வந்த பேக்-மேனை வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பவள். படம் அதை ‘அந்தக் காலம்’ என்று தடவிக் கொடுப்பதில்லை. மூன்று உயிர் என்ற விளையாட்டு விதியை எடுத்து, அச்சத்தில் முடங்கிய ஒரு பெண் மறுபடி எழுந்து நிற்கும் கதையாக்குகிறது. வன்முறைக் காட்சிகள் எனக்கு அதிகமாகத்தான் பட்டன, வகுப்பில் போடச் சொல்ல மாட்டேன். ஆனாலும், விளையாடுபவள் ஒரு பெண் என்பதே நம் நினைவுக் கட்டுரைகளில் காணாத ஒன்று.

எங்க கடையில் பெண்பிள்ளைகள் கிடையாது. ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

மாணவர்களே, இந்தத் தலைப்பு வந்தால் அப்பாவிடம் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்காதீர்கள். “சூப்பரா இருந்துச்சு” என்பார், அதோடு சரி. ஒரு மணிக்கு எவ்வளவு, காசு யார் கொடுத்தது, யாருக்குப் பயந்து ஓடினீர்கள் என்று கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள்.

போன மாதம் ஒரு மாணவி அப்படிக் கேட்டு எழுதினாள். அவள் அம்மா ஒருநாளும் கடைக்குள் போனதில்லை. தம்பியைக் கூட்டிப்போக வந்து, அவன் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே நிற்பாராம். உள்ளே பையன்கள் கத்தியதைக் கேட்டுக் கேட்டு, மேல மேல, கீழ கீழ என்று இன்றைக்கும் தப்பில்லாமல் சொல்கிறாராம். கட்டுரையில் ஏழு ஒற்றுப்பிழைகள் இருந்தன. சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு, வகுப்பில் முதலில் அதைத்தான் வாசித்தேன்.