வானிலிருந்து அளந்த காடு

பத்துமலையின் அடிவாரத்தில் 2006-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற முருகன் சிலை 140 அடி உயரமுடையது. கீழே நிற்பவர் அதன் முகத்தைக் காண அண்ணாந்து நோக்க வேண்டும். அதே சிலையை லாண்ட்சாட் என்னும் அமெரிக்கச் செயற்கைக் கோள் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நோக்கும்போது, சிலை ஒரு சிறு கட்டத்துள் அடங்கிவிடுகிறது. அக்கோள் எடுக்கும் படம், பக்கத்திற்கு 30 மீட்டர் கொண்ட சதுரங்களால் ஆயது. ஒரு சதுரத்திற்கு ஒரே நிறம். சிலையும் அதன் பீடமும் முன்னுள்ள முற்றமும் கலந்து அந்த ஒரே நிறமாகின்றன.

இத்தகைய சதுரங்களைக் கூட்டியே இன்று நாடுகளின் வளர்ச்சி மதிப்பிடப்படுகிறது. 2015-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நிலையான வளர்ச்சி இலக்குகள் பதினேழு. அவற்றை அளக்க இருநூறுக்கு மேற்பட்ட குறிகாட்டிகள் ஏற்பட்டன. நாட்டின் நிலப்பரப்பில் காடு எத்தனை பங்கு என்பது அவற்றுள் ஒன்று. மலேசியாவிற்கு இக்குறிகாட்டி வெறும் கணக்கன்று. நிலத்தில் பாதிக்குக் குறையாமல் காடாகவே வைத்திருப்போம் என்று 1992-ஆம் ஆண்டு ரியோ மாநாட்டையொட்டி உலகத்திற்கு வாக்களித்த நாடு அது. வாக்கு காக்கப்பட்டதா என்று அறிய வானத்துச் சாட்சியை அழைப்பது இயல்பே.

அச்சாட்சியின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1972-இல் முதல் லாண்ட்சாட் ஏவப்பட்டது. 2008 முதல் அதன் படக் களஞ்சியம் முழுவதும் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கிறது. முன்பு வனத்துறை சொன்னதே கணக்கு. இன்று ஒரு கல்லூரி மாணவனும் அக்கணக்கைச் சரிபார்க்கலாம். இடையூறு ஒன்று உண்டு, அது மேகம். நிலநடுக்கோட்டு நாடுகளில் வானம் தெளிந்திருக்கும் நேரம் குறைவு. பதினாறு நாளுக்கு ஒருமுறை வரும் கோள் பல வேளைகளில் மேகத்தையே படமெடுத்துச் செல்லும். இதனைக் கருதியே, நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றி ஒரு நாளில் பன்முறை நாட்டைக் கடக்கும் ரசாக்சாட் என்ற கோளை மலேசியா 2009 ஜூலையில் ஏவியது. நல்ல எண்ணந்தான், ஆயின் மறு ஆண்டே அது செயலிழந்தது. 2014-இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல் கோளின் ராடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கவல்லது. எனவே கண்ணின் குறை பெரிதும் தீர்ந்தது என்றே கொள்ளலாம்.

தீராத குறை சொல்லில் இருக்கிறது. காடு என்பது யாது?

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ ஹான்சனும் அவர் குழுவினரும் 2013-இல் 'சயன்ஸ்' இதழில் உலகக் காட்டுப் படம் ஒன்றை வெளியிட்டனர். 2000-இல் மலேசியாவில் இருந்த காட்டில் 14.4 விழுக்காடு 2012-க்குள் அழிந்தது என்றும், விகித அளவில் உலகில் இதுவே மிகுதி என்றும் அதிலிருந்து செய்தி பரவியது. மலேசிய அதிகாரிகள் மறுத்தனர். அவர்கள் கணக்கில் காடு நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இருந்தது. இன்றும் ஏறத்தாழ 55 விழுக்காடு எனப்படுகிறது. உணவு வேளாண்மை நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடோ 58 விழுக்காடு என்கிறது. மூலச்சுவடி ஒன்றாயிருக்க, உரைகாரர்கள் வேறு வேறு பொருள் கொண்டதைப் போன்றது இது.

ஹான்சன் குழுவினர்க்கு ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்த தாவரம் எதுவும் மரமே. முதிர்ந்த செம்பனையும் அதில் அடங்கும். இருபத்தைந்து ஆண்டு காய்த்து ஓய்ந்த செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்தால், அதுவும் அழிவுக் கணக்கில் ஏறிவிடும். அழிந்த பரப்பில் பாதிக்கு மேற்பட்ட அளவு மரங்கள் மீண்டும் எழுந்ததாக அதே ஆய்வு காட்டியதற்கு இஃது ஒரு காரணம். தோட்டத்தையும் காட்டையும் ஒன்றாக்கிவிட்டனர் என்று 2014-இல் அதே இதழில் வேறு அறிஞர்கள் கண்டனம் எழுதினர். கண்டனம் நேரியது.

உணவு வேளாண்மை நிறுவனத்தின் இலக்கணம் வேறு. அரை எக்டேருக்கு மேற்பட்ட நிலம், ஐந்து மீட்டர் எட்டும் மரங்கள், நூற்றில் பத்துப் பங்குக்கு மேல் நிழல். இவை இருந்தால் காடு. செம்பனை வேளாண் பயிராதலின் நீக்கப்பட்டது. இரப்பரோ காடாகச் சேர்க்கப்பட்டது! ஆகவே இயற்கைக் காட்டை வெட்டி இரப்பர் நட்டால் மொத்தக் கணக்கில் காடு குறைவதில்லை. இரப்பரை வெட்டிச் செம்பனை நட்டால் காடு அழிந்ததாகிறது. அந்நிறுவனம் தன் விரிவான அட்டவணையில் இயற்கைக் காட்டையும் நட்ட காட்டையும் பிரித்துக் காட்டுவது உண்மையே. ஆயின் குறிகாட்டியாக வெளிவரும் எண் இரண்டையும் கூட்டிய எண்ணாகும். அமைச்சர் மேடையில் எடுத்துரைப்பதும் மாணவர் பாடத்தில் படிப்பதும் அதுவே. தீபகற்பத்தில் காப்புக்காடுகளுக்குள்ளேயே மரப்பலகைக்கென இரப்பர் நடப்பட்டு வருவதை எண்ணினால், இக்கூட்டல் எவ்வளவு வசதியானது என்பது விளங்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரத்தை அறிந்தவர்க்கு அதனைக் காடு என்று சொன்னால் சிரிப்பே வரும். காட்டை வெட்டி, நிரை பிடித்து நட்டு, நாள்தோறும் விடியுமுன் சென்று சீவிய மரம் அது. அதைச் சீவியவர்களின் வாழ்வு வானத்துக் கணக்கில் எங்கே பதிந்துள்ளது என்பதும் கேட்கத்தக்கது.

பெட்டாலிங் ஜெயா 1950-களில் எபிங்காம் இரப்பர்த் தோட்டத்தில் எழுந்தது. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரின் பெயரே புங்கே-கிரிசார் என்ற தோட்டப் பெயரின் சிதைவு என்பர். 1972-க்கு முற்பட்ட மாற்றம் எதனையும் லாண்ட்சாட் அறியாது. ஹான்சன் படத்தின் நினைவோ 2000-இல்தான் தொடங்குகிறது. அப்படத்தில் பெட்டாலிங் ஜெயா தொடக்கத்திலிருந்தே நகரம். அங்கு இழப்பு ஏதும் இல்லை. அடிப்படை ஆண்டு எது என்று தீர்மானிப்பவர், எது இழப்பு என்பதையும் தீர்மானித்துவிடுகின்றனர். இதைப் பலர் சிறிய செய்தியாக எண்ணுகின்றனர்; சிறிதன்று.

நகரங்கட்கு ஒரு தனிக் குறிகாட்டி உண்டு. நகரம் நிலத்தை விழுங்கும் வேகத்தையும் மக்கள் பெருகும் வேகத்தையும் ஒப்பிடுவது அது. கட்டடப் பரப்பைக் கோள் தரும். மக்கள் தொகையைக் குடிக்கணக்கு தரும். சூபாங் ஜெயா 1976 முதல் சீபீல்டு தோட்டத்தில் எழுந்த நகரம். இக்குறிகாட்டியின்படி அங்கு நிகழ்ந்தது, பச்சைச் சதுரங்கள் சாம்பல் சதுரங்களாக மாறியமை மட்டுமே. லயத்து வீடுகளில் இருந்தோர் எங்கே சென்றனர், புதிய வீட்டை வாங்க அவர்களால் இயன்றதா என்பன விகிதத்தில் வாரா. மக்கள் எண்ணிக்கை பெருகினால் போதும். அவர்கள் அதே மக்களாக இருக்க வேண்டும் என்று சூத்திரம் கேட்பதில்லை. தோட்டம் போன பின்னும் அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயரில் 'சீபீல்டு தோட்டம்' நிலைத்திருக்கிறது.

வானத்துக்குப் புலப்படாத வேறொன்றும் உண்டு. அது சட்டத்தின் கோடு. மலேசியாவில் நிலமும் காடும் மாநில அதிகாரத்திற்குரியன. கோலலங்காட் வடக்குக் காப்புக்காட்டில் 530 எக்டேருக்கு மேற்பட்ட பகுதியின் காப்புநிலையை 2021 மே மாதத்தில் சிலாங்கூர் அரசு நீக்கியது. தெமுவான் பூர்வகுடியினரும் பொதுமக்களும் எதிர்க்கவே, செப்டம்பரில் அதனை மீட்பதாக அறிவித்தது. இடைப்பட்ட மாதங்களில் எந்தக் கோளின் படத்திலும் இந்நிகழ்ச்சி இல்லை. பச்சை பச்சையாகவே இருந்தது. அக்காடு தீயால் சிதைந்தது என்பது நீக்கத்திற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. தீப்பட்டதா என்பதைக் கோள் சொல்லும். தீப்பட்ட சதுப்புக்காட்டை மீண்டும் தழைக்க விடுவதா, விற்பதா என்பதைச் சொல்லாது.

நாடு முழுமைக்கும் ஒரே எண் என்பதும் ஏமாற்றக்கூடியது. சிலாங்கூரில் காப்புக்காடு மாநிலப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை. 55 என்னும் சராசரியைத் தாங்குவன சரவாக், சபா, பகாங் முதலிய மாநிலங்கள். கிள்ளான் ஆற்றில் வெள்ளம் பெருகும்போது சரவாக்கின் மரங்கள் கோலாலம்பூர் நீரை உறிஞ்ச வாரா.

பத்துமலையின் நிலை இன்னும் நுட்பமானது. சுண்ணக்கல் மலைகள் நாட்டின் நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. ஆயினும் தீபகற்பத்துச் சுண்ணக்கல் மலைகளில் 1,200-க்கு மேற்பட்ட தாவர இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. இம்மலைகளின் செல்வம் நெட்டுக்குத்தான பாறைமுகத்திலும் குகையினுள்ளும் உள்ளது. மேலிருந்து நோக்கும் கோளுக்கு நெட்டுக்குத்துப் பாறை ஒரு கோடே. குகை இல்லவே இல்லை. பத்துமலையின் பெயரையே அறிவியற் பெயரில் தாங்கிய லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்ற தொன்மையான சிலந்தி இருட்குகையில் வாழ்வது. 1980-களின் தொடக்கத்தில் நின்ற கல்லுடைப்பு தொடர்ந்து நடந்து மலையின் ஒரு பக்கம் முழுதும் போயிருந்தாலும், நாட்டின் காட்டு விழுக்காட்டில் முதல் தசமப் புள்ளிகூட அசைந்திராது.

செயற்கைக் கோளை ஒதுக்க வேண்டும் என்பார் இதனால் வலுப்பெறார். அதன் படத்திலிருந்து இயற்கைக் காடு, இரப்பர், செம்பனை என மூன்றையும் வேறுபடுத்தும் முறைகள் ராடாரின் துணையோடு வளர்ந்துவிட்டன. தொலையுணர்வு நிறுவனமும் விண்வெளி நிறுவனமும் 2019-இல் இணைந்து மலேசிய விண்வெளி நிறுவனம் ஆன பின், இப்பணிக்குரிய ஆட்களும் கருவிகளும் ஒரே கூரையின் கீழ் உள்ளனர். தேசிய அறிக்கையில் அம்மூன்று எண்களையும் மாநிலவாரியாகவும், தொடக்க ஆண்டைக் குறித்தும், காப்புநிலை நீக்கிய பரப்பைத் தனிப் பத்தியிலும் அச்சிடுவதற்குப் புதிய கோள் எதுவும் வேண்டுவதில்லை.