வேர் தேடிய முழவு

மாணாக்கர் விரும்பிக் கேட்கும் ‘டிரம் அண்ட் பேஸ்’ இசையை இரைச்சலென ஒதுக்குவோர் உளர். ஒதுக்குமுன் அதன் இலக்கணம் அறிதல் நன்று. முழவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 174 அடிகளாக விரைந்தோடும். அதன்கீழ் ‘பேஸ்’ என்னும் தாழொலி மெல்ல நடக்கும். இம்முரணே இவ்விசைக்கு உயிர். 1990-களின் தொடக்கத்தில் இலண்டனில் வளர்ந்த ‘ஜங்கிள்’ இசையே இதன் தாய். அதன் தாழொலி ஜமைக்காவினின்று குடியேறியோர் கொணர்ந்த செல்வம்.

சால் மில்டன், வில் கென்னர்டு ஆகிய ஆங்கிலேயர் இருவர் 2003-இல் ‘சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ்’ என்னும் பெயரில் இத்துறை புகுந்தனர். 2011-இல் வெளிவந்த இவர்தம் ‘நோ மோர் ஐடல்ஸ்’ தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. புகழ் பெருகிற்று, ஆயினும், பாட வந்தோர் பலராகவே, முழவு வெறும் பக்கவாத்தியமாய்ச் சுருங்கிற்று என்பேன்.

2019-இல் இருவரும் வேரை நாடினர். ‘ரிட்டர்ன் டு ஜங்கிள்’ என அத்தொகுப்பின் பெயரே அதனைச் சொல்லும். ஜமைக்காப் பாடகர்தம் குரலும் முழவும் அதில் சரிநிகராய் நின்றன. இது பின்னோக்கிய நடையென்பார் கூற்றுப் பொருந்தாது. 2024-இல் இவர்கள் ‘பிரிட்’ விருது பெற்றனர். அவ்வாண்டே ஸ்டார்ம்சியுடன் இயற்றிய ‘பேக்போன்’ பிரிட்டனில் முதலிடம் எய்திற்று. அதிலும் பாடுவோர் உண்டு. ஆனால், சொல் நின்று முழவுக்கு வழிவிடுகிறது.

குரலா, முழவா என்பதன்று வினா. எது எதற்கு இடங்கொடுக்கிறது என்பதே இவ்விசையை அளக்கும் கோல்.