கறுப்புத் துணிக்குப் பின்னால்

போர்முனைச் செய்தியாளர் மேரி கால்வினைப் போற்றுவோர் பலர், அவ்வம்மையாரின் இடக்கண்ணை மறைத்த கறுப்புத் துணியிலேயே நின்றுவிடுகின்றனர். 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து இரவில் மீள்கையில், தாம் செய்தியாளர் என்று கூவியும், இலங்கைப் படையினர் ஏவிய குண்டு அக்கண்ணின் ஒளியைப் பறித்தது. அவர் ஆங்குச் சென்றதோ, உணவும் மருந்தும் தடைப்பட்டுத் தவித்த தமிழ் மக்களைக் கண்டெழுத! காயத்தைப் பேசிய தமிழ் வாசகருள் அவ்வெழுத்தைத் தேடிப் படித்தோர் சிலரே எனலாம், நாணத்தக்கது இது.

அவர் மறைந்த 2012இல் வெளிவந்த 'ஆன் தி பிரண்ட் லைன்' தொகுப்பு இக்குறையை நீக்கவல்லது. அவர் நாட்டம் படைக்கலங்களில் அன்று, மக்களிடத்தே. சிரியாவின் ஹோம்ஸ் நகரில் பெண்களும் குழந்தைகளும் ஒடுங்கிக் கிடந்த நிலவறையைப் பற்றிய அவர் செய்தி, அவ்வாண்டு பிப்ரவரி 19இல் வெளியாயிற்று. 22இல் எறிகணை அவரைக் கொன்றது. குறிவைத்த கொலையே அதுவென 2019இல் அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது.