ஐடா பைஃபரின் உலகப் பயணம்: சில விமர்சனக் குறிப்புகள்

பிரயாண நூல்களை ஓய்வுநேர வாசிப்புக்குரியவை என ஒதுக்கிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. எங்கே தங்கினார், என்ன உண்டார், எந்தக் கோபுரத்தின் உயரம் யாது என அடுக்கிச் செல்லும் நூல்கள் மலிந்திருப்பதே இதற்குக் காரணம். ஆனால், ஒருவர் உலகைக் காணப் புறப்படுவதற்கு எத்தகைய சமூக நிலைமைகள் இடங்கொடுத்தன, அவர் கண்ணுக்குப் புலப்படாது போனவை எவை என்னும் வினாக்களோடு படிப்போமாயின், அந்நூல்கள் வேறொரு முகத்தைக் காட்டும். அவ்வாறு படிக்கத்தக்கது, ஒஸ்திரியப் பெண்மணி ஐடா பைஃபர் ஜேர்மன் மொழியில் எழுதி, 1850 இல் வியன்னாவில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘ஒரு பெண்ணின் உலகப் பயணம்’ என்னும் நூல்.

நாற்பத்து நான்கு வயதுவரை வீட்டை ஆண்ட ஒரு குடும்பப் பெண், அதன்பின் இருமுறை உலகைச் சுற்றினார் என்பதே அம்மையாரைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் வியப்பு. வயது தடையன்று, மனத்திடம் போதும் என்று இதற்கு உரை காண்பார் பலர். இவ்வுரை எனக்கு உடன்பாடன்று. அம்மையாருக்குப் பயண வேட்கை பிந்தித் தோன்றியதன்று. அனுமதியே பிந்திக் கிடைத்தது. 1797 இல் வசதி மிக்க குடும்பத்திற் பிறந்த அவரை, தந்தையார் ஆண்பிள்ளை உடை உடுத்தி ஆண்பிள்ளைகளைப் போலவே வளர்த்தார். தந்தையார் இறந்ததும் தாயார் அவ்வுடையைக் களைவித்துப் பெண்மைக்குரியன எனக் கருதப்பட்டவற்றைப் பயிலச் செய்தார். விரும்பிய ஆசிரியரை மணக்க இடமில்லை. 1820 இல் தம்மிலும் இருபத்து நான்கு வயது மூத்த வழக்கறிஞர் ஒருவருக்கு மனைவியானார். அந்த மனிதர் நேர்மையாளர். அரசாங்க உத்தியோகத்தரின் ஊழலை வெளிப்படுத்தியமையால் தொழிலையும் வருவாயையும் இழந்தார். அதன் விலையைச் செலுத்தியவர் மனைவி. அயலார் அறியாதவாறு இசையும் சித்திரமும் கற்பித்து இரு மைந்தருக்கும் உணவு தேடினார். இளைய மகனின் உடல்நலம் கருதித் திரியெஸ்த் சென்றபோதே அவர் முதன்முதலாகக் கடலைக் கண்டார்.

மைந்தர் வளர்ந்து தம் வழி சென்றனர். தாயார் விட்டுச்சென்ற சிறு முதுசொம் கையில் இருந்தது. 1842 இல் மரண சாசனம் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். கொன்ஸ்தாந்திநோப்பிளில் உள்ள நண்பி ஒருவரைக் காணச் செல்வதாகவே உற்றாரிடம் சொன்னார். உண்மையில் அவர் குறித்த இடம் எருசலேம். தனித்த பெண்ணொருத்தி ஊர் சுற்றுவதை ஏற்காத சமூகமும் தலயாத்திரையைப் பழிக்கத் துணியாது. நம் ஊர்ப் பெண்களுக்குக் கதிர்காமமும் மடுவும் எவ்வளவு காலம் உலகத்தின் எல்லையாக இருந்தன என்பதை எண்ணினால், இத்தந்திரத்தின் பொருள் விளங்கும்.

முதற் பயணத்தைப் பற்றிய நூல் தந்த ஊதியம் ஐஸ்லாந்துப் பயணத்திற்கு உதவியது. 1846 இல் உலகப் பயணம் தொடங்கிற்று. பிரேசில், சிலி, தாகித்தி, சீனம், சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, பாரசீகம், உருசியா எனச் சென்றது பாதை. சிக்கனமான வாழ்வு, கோவேறு கழுதை மீது பயணம் என்பன உண்மையே. எனினும், அச்சிக்கனத்திற்குத் துணைநின்றது எது? ஐரோப்பிய வணிகரின் இல்லங்கள், தூதுவரின் பரிந்துரைக் கடிதங்கள், ஏகாதிபத்தியத்தின் நீராவிக் கப்பல்கள். தம் நாட்டில் பெண் என்பதால் மறுக்கப்பட்டவற்றை, ஆசியாவில் வெள்ளையர் என்பதால் அவர் பெற்றார். நூலின் முரண்பாடுகள் யாவும் இங்கிருந்தே பிறக்கின்றன.

ஒருபுறம் அவர் பார்வை கூர்மையானது. பாரசீகத்தைக் கடந்து உருசிய எல்லைக்குள் வந்தபின் கொசாக்கியர் அவரை ஓரிரவு தடுத்து வைத்தனர். அராபியரும் துருக்கியரும் தமக்குச் செய்யாத அவமதிப்பைக் கிறிஸ்தவ நாடொன்று செய்தது என்று அவர் கொதிக்கும் பகுதி, ஐரோப்பிய நாகரிகப் பெருமையின் மீது விழுந்த நல்ல அடி. மறுபுறம், பிரேசிலின் பழங்குடியினரின் தோற்றத்தை இழித்துரைக்க அவர் தயங்கவில்லை. அந்நாட்டு அடிமைகளின் நிலை உருசிய, போலந்து, எகிப்திய விவசாயிகளின் நிலையிலும் மோசமன்று என்கிறார். விவசாயியின் துயரை அறிந்த உள்ளம் அடிமையின் துயரை அளக்க அதனையே படிக்கல்லாக்கிவிடுகிறது. ஒப்பீடு செய்யத் தெரிந்தவர், இரண்டையும் பிணைக்கும் சுரண்டலைக் காணத் தவறிவிட்டார்.

1847 ஒக்டோபரில் அம்மையார் காலியில் இறங்கி, கொழும்புக்கும் கண்டிக்கும் சென்றார். கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டுகளில், தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாக மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலர் இரையாயினர். அவர்களும் கடல் கடந்தவர்களே. ஆனால் பயண நூலின் இலக்கணத்தில் அவர்கள் பயணிகள் அல்லர், ‘கூலிகள்’. அம்மையார் சென்று ஓராண்டு நிரம்புமுன், 1848 இல், மாத்தளையில் வரிக்கொடுமையை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் வியன்னாவை அடைந்தபோது, அந்நகரின் ஒக்டோபர் எழுச்சி படைபலத்தால் நசுக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன.

முதுமையிற் கடல் கடத்தல் என்றதும் எனக்கு இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. 1964 இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியோர் எனக் கணக்கிடப்பட்டவர் 5,25,000 பேர். இவர்களுள் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, கொழுந்து பறித்து, நரைகண்டபின் தலைமன்னார்த் துறையில் முதன்முதலாகக் கப்பலேறிய மூதாட்டியரும் இருந்தனர். அம்மையாரின் முதற் பயணத்தோடு ஒப்பிட, வயது ஒன்றே பொது. அவர் கடவுச்சீட்டு கதவைத் திறந்தது. இவர்களது கதவைச் சாத்தியது.

இதனால் அம்மையாரின் சாதனை சிறிதாகிவிடாது. இலண்டன் புவியியற் கழகம் பெண்களைச் சேர்க்காதிருந்த காலத்தில், பெர்லின் கழகம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கிற்று. 1857 இல் மடகாஸ்கர் சென்று, அரசியைக் கவிழ்க்க ஐரோப்பியர் சிலர் செய்த சதியோடு தொடர்புபடுத்தப்பட்டு வெளியேற்றப்பட்டார். அங்குப் பற்றிய காய்ச்சலால் 1858 இல் வியன்னாவில் மறைந்தார்.

உலகப் பயணத்தின் இலங்கை, இந்தியப் பகுதிகளையேனும் தமிழில் தர நம் மாணவருள் ஒருவர் முன்வரவேண்டும். மொழிபெயர்ப்போடு நின்றுவிடாமல், கண்டியைப் பற்றிய பக்கங்களின் அடிக்குறிப்பில் மன்னாரிலிருந்து மாத்தளை சென்ற அந்தப் பாதையையும் அவர் குறித்தல் வேண்டும்.